குடவோலையும் தனி அலுவலரும்

தமிழகத்து உள்ளாட்சி வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் உத்திரமேரூரைக் கடந்து செல்வதில்லை. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பெற்ற அவ்விரு கல்வெட்டுகளையும் மேடைதோறும் போற்றுகிறோம்; படித்தவர் குறைவு. முப்பது குடும்புகள், கால்வேலி நிலம், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்துக்கு ஆகார் என்னும் விலக்கு ஆகியன பலரும் அறிந்தவை. அது பிராமணர் சபை. பெண்ணுக்கோ உழுகுடிக்கோ அங்கே ஓலை இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. 919இல் முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பு, 921இல் முப்பத்தைந்து முதல் எழுபது ஆயிற்று. போதாத விதியை இரண்டே ஆண்டில் சபை திருத்திக்கொண்டது. இருமுறையும் அரசனின் அதிகாரி உடனிருந்தான். ஆனால் சபையின் இடத்தில் அவன் அமரவில்லை.

இனிக் கொள்ளிடத்தின் வடகரைக்கு வருவோம். சமயபுரம் என நாம் வழங்கும் ஊர், ஆட்சிப் பதிவில் ச. கண்ணனூர் பேரூராட்சி. 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரசோமேசுவரன் தலைநகராகக் கொண்ட கண்ணனூர் இதுவே. மாரியம்மனைக் காண வருவோரில் எத்தனை பேர் அவன் எடுப்பித்த சிவன் கோயிலையும் எட்டிப் பார்க்கிறார்கள்!

இடைக்கால நெடுங்கதையைச் சுருக்கிச் சொல்லலாம். 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம். 1884இல் சென்னை மாகாணத் தலவாரியச் சட்டம். 1992இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள். 1994இல் திருச்சி மாநகராட்சியானபோது திருவரங்கம் தன் நகராட்சியை இழந்து அதனுள் அடங்கியது. 2004இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக்கப்பட்டன. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஊராரைக் கேட்டா இவை நடந்தன?

ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்பது அத்திருத்தங்களின் உயிர்நாடி. 2016 அக்டோபர் 4 அன்று, முறைப்படி வெளியிடப்படவில்லை என்று தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆண்டிறுதிக்குள் தேர்தலை முடிக்கவும் ஆணையிட்டது. ஆண்டு முடிந்தது, தேர்தல் வரவில்லை. மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலர் கைக்குப் போயிற்று. மண்ணச்சநல்லூர் வட்டாரத்துச் சிற்றூர்கள் 2019 டிசம்பரில் வாக்களித்தன. பேரூராட்சியான கண்ணனூரோ 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தது.

ஐந்து சித்திரைகள் அவ்வாறு கழிந்தன. பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் ஊர் கொள்ளாத கூட்டம் வரும் தலம் இது. குடிநீர், குப்பை, கழிப்பிடம், வழிநடைப் பாதை என அத்தனை சுமையையும் தாங்குவது இந்தச் சிறு பேரூராட்சி. குழாயடியில் நின்று 'எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை' என்று உரிமையோடு கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரை மாற்றும் ஓலை ஊரார் கையில் இல்லை.

2019இல் முந்திக்கொண்ட அச்சிற்றூர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. இம்முறை தனி அலுவலர் போனது அங்கே.