பாட்டில் மட்டும் மிஞ்சிய படம்

தென்னங்கீற்றையும் ஊஞ்சலையும் பற்றிய அந்தப் பாடலைக் கேட்டிராத தமிழர் குறைவு. எழுதியவர் ஜெயகாந்தன், பாடியோர் பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும், இசை எம்.பி. சீனிவாசன். வானொலியின் வழியே தலைமுறைகளின் செவியில் குடியேறிவிட்ட பாடல் அது. ஆயினும் அதில் தோய்ந்தவர்களுள், அது இடம்பெற்ற ‘பாதை தெரியுது பார்’ என்னும் படத்தைக் கண்டவர் மிகச் சிலரே. இது இரசிகரின் குற்றமன்று. 1960-இல் வெளிவந்த அப்படத்தின் பிரதி இன்று காணக் கிடைக்கவில்லை. பாட்டு பிழைத்தது, படம் பிழைக்கவில்லை.

கவிஞர்கள் கூடியுள்ள நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். கவிஞர்கள் பங்குகொண்ட ஒரு முயற்சி எவ்வாறு தோன்றி எவ்வாறு மறைந்தது என்பது நம்மையும் சார்ந்த செய்தியே.

படத்தை இயக்கியவர் வங்காளியரான நிமாய் கோஷ். சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளை நிழற்படமாக்கிப் புகழ்பெற்ற நிமாய் கோஷ் வேறு, இவர் வேறு. ஒளிப்பதிவாளரான இவர், நாட்டுப் பிரிவினையால் வேரறுந்து கல்கத்தாவுக்கு வந்த கிழக்கு வங்க மக்களைப் பற்றி ‘சின்னமூல்’ என்னும் படத்தை 1950-இல் எடுத்தார். சியால்டா இரயில் நிலையத்தில் தங்கியிருந்த அகதிகளே அதில் தோன்றினர். 1951-இல் இந்தியா வந்த சோவியத் இயக்குநர் புடோவ்கின் அதனைக் கண்டு பாராட்டினார். அவர் நாட்டில் அது திரையிடப்பட்டது. தாயகத்திலோ படம் பொருள் ஈட்டித் தரவில்லை. பின்னர்ச் சென்னைக்கு வந்த கோஷ், இங்கே ஒளிப்பதிவாளராகவும் திரைத் தொழிலாளரின் சங்கப் பணிகளில் முன்னிற்பவராகவும் விளங்கினார்.

எம்.பி. சீனிவாசனும் அதே தடத்தில் வந்தவர். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டு, மேடைதோறும் மக்கள் பாடல்களைப் பாடியவர். இசையமைப்பாளராக அவருக்கு இதுவே முதற்படம். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவரும், பலர் ஒருங்கே பாடும் சேர்ந்திசையைத் தமிழகத்தில் வளர்த்தவரும் அவரே. மலையாளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்ற அவர், 1988-இல் இலட்சத்தீவில் காலமானார்.

இவ்விருவரும் கொள்கை ஒத்த நண்பர்களும் சேர்ந்து ‘குமரி பிலிம்ஸ்’ என்ற பெயரில் படத்தைத் தயாரித்தனர். ஆர்.கே. கண்ணன் கதை எழுதினார். தொழிலாளர் வாழ்வையும் தொழிற்சங்கத்தையும் நடுவில் நிறுத்திய முயற்சி அது. நாயகனாக நடித்தவர் கே. விஜயன், நாயகி எல். விஜயலட்சுமி. விஜயன் பின்னாளில் இயக்குநராகி, 1979-இல் ‘திரிசூலம்’ என்னும் பெருவெற்றிப் படத்தை அளித்தார்.

பாடல்களுக்கு அழைக்கப்பட்டோரும் இயக்கத்தின் நிழலில் வளர்ந்தவர்களே. ஜெயகாந்தனுக்கு அப்போது வயது இருபத்தாறு. சிறுகதையாசிரியராக ஓங்கிக்கொண்டிருந்த காலம். கே.சி.எஸ். அருணாசலம் பொதுவுடைமை இதழ்களில் எழுதி வந்த கவிஞர். டி.எம். சௌந்தரராஜன் குரலில் இன்றும் ஒலிக்கும் மூக்குத்திப் பாடல் அவருடையது. தஞ்சை மாவட்ட விவசாய இயக்கத்திலிருந்து வந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் இப்படத்துக்கு எழுதினார். 1959 அக்டோபர் 8-இல், இருபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். தம் வரிகள் திரையேறியதைக் காண அவர் இல்லை.

1960 நவம்பரில் படம் வெளிவந்தது, பரவலாகத் திரையிடப்படவில்லை, வணிகத்தில் தோற்றது. ஆனால் அது மதிக்கப்படாமற் போய்விடவுமில்லை. அவ்வாண்டிற்கான தேசிய விருதுகளில் தமிழ்ப் படங்கள் மூன்று சிறப்பிக்கப்பட்டன. கல்கியின் புதினத்தைக் கொண்டு எடுக்கப்பட்ட ‘பார்த்திபன் கனவு’ வெள்ளிப் பதக்கம் பெற்றது. ‘பாதை தெரியுது பார்’ இரண்டாவதாகவும், சிறுவன் கமல்ஹாசன் அறிமுகமான ‘களத்தூர் கண்ணம்மா’ மூன்றாவதாகவும் நற்சான்றிதழ் பெற்றன. முதலாவதையும் மூன்றாவதையும் இன்று எவரும் காணலாம். நடுவிலிருந்த படம் மட்டும் இல்லை. ஆக, தரமில்லாமையால் மறைந்தது என்று இதனை ஒதுக்கிவிட இயலாது.

ஒரு படம் எவ்வாறு இல்லாமற்போகும்? அக்காலத்தில் திரைப்படம் என்பது முதலில் ஒரு பொருள். மூல நெகடிவ் ஆய்வுக்கூடத்தில் இருக்கும். அதிலிருந்து எடுத்த பிரதிகள் பெட்டிகளில் அடைபட்டு ஊர் ஊராய்ச் செல்லும். ஒவ்வொரு காட்சியிலும் கருவியின் பற்சக்கரத்தில் சிக்கித் தேயும். ஓடி முடிந்த கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவினால் வெள்ளி கிடைக்கும். ஆகவே பல படங்கள் எடைக்குப் போயின. எஞ்சியவற்றை நம் நாட்டு வெப்பமும் ஈரமும் தாக்கின. கெட்டுப்போன சுருட்பெட்டியைத் திறந்தால் காடியின் நெடி வீசும் என்பர் பாதுகாப்பாளர். வெற்றி பெற்ற படத்துக்கு மறுவெளியீடு உண்டு. புதுப் பிரதி எடுக்கப் பணமும் உண்டு. தோற்ற படத்தின் பெட்டிக்கு வாடகை கட்டுவார் யார்? பெரிய நிறுவனத்தின் காப்பும் இல்லாமல் நண்பர்களின் கூட்டில் உருவான படத்துக்கு இவ்விடர் மேலும் மிகுதி. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டதே 1964-இல்தான்.

பாடலின் கதை வேறு. அது படச்சுருளோடு கட்டுண்டு கிடக்கவில்லை. இசைத்தட்டாகத் தனியே அச்சாயிற்று. 1957-இல் தொடங்கிய விவித பாரதியும், கடல் கடந்து ஒலித்த இலங்கை வானொலியும் திரைப்பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. கேட்டவர் பாடினர், மேடைக் கச்சேரிகளில் மீண்டும் ஒலித்தது. பாடலைக் காத்த கைகள் பல. படத்தைக் காக்க இருந்தவை சில. வேற்றுமை இவ்வளவே.

படமொன்று வழக்கில் சிக்கியதாலேயே பிழைத்ததும் உண்டு. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாளப் புதினத்தைக் கொண்டு, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப் படத்தை 1933-இல் வெளியிட்டார். நூலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது, படம் நிறுத்தப்பட்டது, தயாரிப்பாளர் நொடித்தார். பிரதியோ அப்புத்தக நிலையத்தில் பல்லாண்டு கிடந்து, 1974-இல் பி.கே. நாயரின் முயற்சியால் புனே காப்பகத்தை அடைந்தது. தென்னாட்டு மௌனக் கதைப் படங்களுள் இன்று காணக் கிடைப்பது அநேகமாக இது ஒன்றே. ‘பாதை தெரியுது பார்’ படத்தைப் பறிமுதல் செய்யவும் ஒருவர் இல்லாமற் போயினர் என்று கசப்போடு எண்ணத் தோன்றுகிறது.

பாடல் கிடைத்திருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். கவிதை எழுதுவோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒரு வரிக்கு முன்னும் பின்னும் நிற்பதே அதன் பொருளில் பாதி. தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் கதையொன்றின் இடையே, தென்னங்கீற்றின் அசைவும் குருவியின் குரலும் எந்த முகத்தின் மீது விழுந்தன, அடுத்த காட்சி எதுவாக இருந்தது என்று காணும் வாய்ப்பை இழந்துவிட்டோம். இன்று அதனை இயற்கைப் பாடலாக, இனிய காதற் பாடலாக மட்டுமே கேட்கிறோம். இனிமையில் குறைவில்லை. ஆனால் அதனை எழுதியவர் கட்டிய வீட்டின் சாளரம் ஒன்றே நம்மிடம் உள்ளது, வீடு இல்லை.

இனிச் செய்யத்தக்கது உண்டா? உண்டு என்றே நம்புகிறேன். அரங்க வாயிலில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல்களும் இருக்கும். பழைய படங்கள் பலவற்றுக்கு அச்சிறு புத்தகமே எஞ்சிய சான்று. 1994-இல் சென்னையில் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பும், பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் திரட்டிய படங்களும் குறிப்புகளும் தனிமனிதரின் ஆர்வத்தில் விளைந்தவை. எளியது என்று எறியாமல் எடுத்துவைத்த கைகளே வரலாற்றைக் காத்தன.

நம் உறுப்பினர் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இருக்கக்கூடும். அந்தப் படத்தை அரங்கில் கண்ட முதியோரும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் நினைவில் நிற்கும் ஒரு காட்சியையேனும் எழுதி வாங்கலாம். பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை வாசித்து வரும் நாம், வாசித்தவற்றுள் எத்தனையைப் படியெடுத்து வைத்திருக்கிறோம் என்பதையும் அவ்வேளையில் எண்ணிப் பார்ப்பது நன்று. பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இதனை மேற்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள்.