கோப்புப் பெயர்ப் பட்டியலும் '>' குறியும்

ஓர் அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்களை உரைக்கோப்பு ஒன்றில் சேமிக்க இன்று ஒருவரிக் கட்டளை போதும். பட்டியலிடும் கட்டளையை எழுதி, அதன்பின் '>' குறியையும் புதிய கோப்பின் பெயரையும் இட்டால் பட்டியல் திரையில் தோன்றாமல் அக்கோப்பில் பதிவாகும். இந்த எளிமை தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை.

1961 நவம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு இயக்குதளத்தில் 'லிஸ்ட்எஃப்' என்ற கட்டளை பயனரின் கோப்புகளைப் பட்டியலிட்டது. அதன் வழிவந்த மல்டிக்சில் அது 'லிஸ்ட்' ஆயிற்று. அக்கால முனையங்கள் பெரும்பாலும் திரைகள் அல்ல, தாளில் அச்சடிக்கும் பொறிகள். பட்டியலைத் தாளுக்குப் பதில் கோப்பில் பெற மல்டிக்சில் மூன்று கட்டளைகள் தேவைப்பட்டன. முதலாவது வெளியீட்டைக் கோப்புடன் இணைக்கும், இரண்டாவது பட்டியலிடும், மூன்றாவது வெளியீட்டை முனையத்துக்கே திருப்பும். மூன்றாவதை மறந்தால் அடுத்து வரும் விடைகளும் கோப்புக்குள்ளேயே போய்ச் சேரும்.

பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்குப் பணியாற்றிய கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் அவ்வாண்டே பிடிபி-7 கணினியில் யுனிக்சை உருவாக்கத் தொடங்கினர். '>' குறி அதன் முதல் வடிவில் இல்லை. சிறிது காலத்தில் சேர்க்கப்பட்டது. யுனிக்சின் வளர்ச்சி குறித்துப் பின்னாளில் எழுதிய கட்டுரையில், இக்குறியின் பயனை விளக்க ரிட்சி எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே கோப்புப் பெயர்களைக் கோப்பில் சேமிப்பதுதான். மல்டிக்சிலேயே இதை எளிதாகச் செய்திருக்க முடியும், ஆனால் எவருக்கும் அப்போது தோன்றவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார்.

யுனிக்சில் திசைமாற்றத்தைச் செய்வது 'எல்எஸ்' நிரல் அன்று, கட்டளைகளை வாங்கும் 'ஷெல்'. அது முதலில் வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டுப் பிறகே 'எல்எஸ்' நிரலை இயக்கும். ஆகவே பட்டியல் கோப்பை அதே அடைவில் வைத்தால் அதன் பெயரும் பட்டியலில் இடம்பெறும். புதியவர்கள் இதைப் பிழை என்றே எண்ணுவர்.

1981இல் வெளிவந்த எம்எஸ்-டாசில் 'டிர்' கட்டளை இருந்தது, திசைமாற்றம் இல்லை. அது 1983இல், 2.0 பதிப்பில் வந்தது. எனினும் 'டிர்' பெயர்களோடு அளவு, தேதி, மொத்தக் கணக்கு ஆகியவற்றையும் எழுதியது. பெயர்களை மட்டும் தரும் '/பி' தெரிவு 1991இல், 5.0 பதிப்பில்தான் சேர்ந்தது.

தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை விண்டோசில் ஒரு சிக்கல் உண்டு. கோப்புப் பெயர்கள் யுனிகோடில் இருந்தாலும், 'சிஎம்டி' பட்டியலைப் பழைய குறிப்பக்க முறையில் எழுதும்போது அதில் இடமில்லாத தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, பட்டியல்தான் பயனற்றுப்போகும். நூல் தொகுப்பு ஒன்றின் அட்டவணையை இப்படித் தயாரிப்பவருக்கு அது சிறிய இழப்பன்று. 'சிஎம்டி'யை '/யு' தெரிவுடன் இயக்கினால் 'டிர்' பட்டியல் யுனிகோடில் எழுதப்படும்.