தன்மைப் பன்மையும் மேனாட்டார் தமிழ்ப் பயிற்சியும்

பிறமொழி பயில்வார்க்கு மூவிடப் பெயர்கள் தரும் இடர்ப்பாடு சிறிதன்று. ஆங்கிலேயர் ஒருவர் உக்ரைனிய மொழியைக் கற்கப் புகின், தம் மொழியில் முன்னிலைக்கு ஒரு சொல்லே வழங்க, ஆங்கு ஒருமைக்கு ஒன்றும், பன்மைக்கும் மதிப்பிற்கும் மற்றொன்றுமாக இரண்டு வழங்கக் காண்பர். எனினும், 'நாம், நாங்கள்' என்னும் இரண்டிற்கும் அம்மொழியிலும் ஒரு சொல்லே உண்டு. தமிழ் கற்க வந்த மேனாட்டார் பலர்க்கு 'நீ, நீர்' என்னும் வேறுபாடு பழகியதே; தன்மைப் பன்மையே புதிதாயிற்று.

இவ்வேறுபாட்டை நம் இலக்கணிகள் வினைமுற்றில் வைத்து ஓதினர். அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்னொடு படுக்கும் என்பது நன்னூலார் கருத்து. பிற்கால வழக்கிலோ ஓம் ஈறே நிலைபெற்றது. 'நாம் சென்றோம்', 'நாங்கள் சென்றோம்' என்னுமிடத்து வினை ஒன்றே. எனவே, பண்டு வினையும் உணர்த்திய பொருளை இன்று பெயர் ஒன்றே உணர்த்துகின்றது. மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சிலும் 'நாம', 'நாங்க' என இவ்வேறுபாடு மயங்காது வழங்குதல் காண்க.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்டிரீக் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் வரைந்தார். நொபிலி 1606இல் மதுரை வந்தார். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஆலே நகரில் வெளிவந்தது. மதுரை மறைத்தளத்தைச் சார்ந்த வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், கேட்போரை உளப்படுத்தும் பன்மையும் உளப்படுத்தாப் பன்மையும் உண்மையைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக எண்ணினார்.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமை விவிலிய மொழிபெயர்ப்பில் நன்கு விளங்கும். கிரேக்கமும் இலத்தீனும் ஆங்கிலமும் இவ்விரண்டையும் ஒரு சொல்லாலேயே குறிக்கும். இறைவனை விளித்து வேண்டுமிடத்து 'நம்' என்னின், வேண்டப்படுவோனும் வேண்டுவாருள் ஒருவன் ஆவான். ஆதலின் 'எங்கள்' என்றனர். அடியார் தம்முள் உரையாடும் திருமுகங்களிலோ 'நம்முடைய' என்றனர். மூலத்தில் இல்லாத வேறுபாட்டை இடம் நோக்கித் தெளிந்தன்றி ஒரு தொடரும் பெயர்த்தல் இயலாது.

இஃது இலக்கண நுட்பம் மட்டும் அன்று. நெடுநாள் உடன் வாழ்ந்த அயலாரிடம் 'எங்கள் ஊர்' என்பது அவரைப் புறத்தே நிறுத்தும். 'நம் ஊர்' என்பது அகத்தே கொள்ளும். பிறமொழியாளர்க்கு இதனை வாய்பாடாக மட்டும் கற்பித்தல் போதாது. யார் யாரிடம் பேசுகின்றனர் என்பதனொடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். வினையியலில் வழக்கு வீழ்ந்த விதியென நாம் கடந்துசெல்லும் நூற்பாவின் பொருள், பெயரில் இன்றும் உயிரோடிருத்தலை மாணவர்க்கு உணர்த்துதலும் நம் கடனாகும்.