பாஸ்போர்ட் எடுக்க, புதுப்பிக்க: கண்டமங்கலம் பகுதி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

 

“உம்ராவுக்குப் பணம் கட்டிவிட்டோம் ஹஜ்ரத், பாஸ்போர்ட்டைப் பார்த்தால் இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. விசா கிடைக்காது என்கிறார்கள்.” ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இப்படி யாராவது ஒருவர் நம்மிடம் சொல்லாத வருடம் இல்லை. பணமும் நேரமும் இருந்தும், ஒரு தேதியைப் பார்க்கத் தவறியதால் பயணம் தள்ளிப்போகிறது. வளைகுடா வேலைக்கு அழைப்பு வந்த பிறகு பெயரில் எழுத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் இளைஞர்களும் உண்டு. இந்த அலைச்சலைத் தவிர்க்கவே இக்கட்டுரை.

எங்கே விண்ணப்பிப்பது?

விழுப்புரம் மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. அதற்காக யாரும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. தலைமை அஞ்சலகங்களில் பாஸ்போர்ட் சேவை மையம் அமைக்கும் திட்டம் 2017 ஜனவரியில் தொடங்கியது. அதன்படி விழுப்புரத்தில் அஞ்சலக மையம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து எதிர்த்திசையில் போனால் புதுச்சேரியில் பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. கண்டமங்கலம் இரண்டுக்கும் இடையில் சாலையோரத்திலேயே இருப்பதால், எங்கே நாள் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போகலாம். நாட்டின் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று 2018 ஜூனில் வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. எங்கே விண்ணப்பித்தாலும், காவல்துறை விசாரணை நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் வரும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் அஞ்சல் எண் 605 என்றே தொடங்குகிறது. இரு பகுதி ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. புதுச்சேரியில் வாடகைக்கு இருந்தபோது எடுத்த ஆதாரை மாற்றாமல், இங்கே வந்து குடியிருப்பவர்கள் பலர். விண்ணப்பத்தில் மாநிலம், மாவட்டம், காவல் நிலையம் மூன்றும் நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். ஆதார் முகவரி பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள். இப்போதைய வீட்டில் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால், முந்தைய முகவரியையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எப்படி விண்ணப்பிப்பது?

அரசின் இணையதளம் ஒன்றுதான்: பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். ‘எம்பாஸ்போர்ட் சேவா’ என்ற கைப்பேசிச் செயலியும் உண்டு. இதே போன்ற பெயரில் போலித் தளங்கள் கூடுதல் பணம் வாங்கி ஏமாற்றுகின்றன. முகவரியின் முடிவில் ‘கவ் டாட் இன்’ இல்லையென்றால் உள்ளே நுழையாதீர்கள்.

கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, மையத்தையும் நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டிய பணம் ஓராண்டு வரை செல்லும். அன்று போக முடியாவிட்டால், அந்த ஓராண்டுக்குள் மூன்று முறை வரை நாளை மாற்றிக்கொள்ளலாம். கணினி தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தும் முன் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே படித்துப் பாருங்கள். அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்யும் தம்பிக்கு உங்கள் வாப்பா பெயரின் எழுத்து தெரியாது.

கட்டணம்

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். பதினெட்டு வயதுக்குக் கீழ் 1,000 ரூபாய். அது ஐந்தாண்டு அல்லது 18 வயது நிறையும் வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும். தத்கால் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். புதிதாக எடுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைத் தொலைத்தாலோ சேதப்படுத்தினாலோ 36 பக்கத்துக்கு 3,000 ரூபாய் ஆகும். தொலைந்தால் காவல் நிலையப் புகாரும் தேவை.

என்னென்ன ஆவணங்கள்?

முகவரிக்கு ஆதார், வாக்காளர் அட்டை, மின் கட்டண ரசீது, சமையல் எரிவாயு இணைப்பு, புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்றவை ஏற்கப்படும். பிறந்த தேதிக்கு ஒரு புதிய விதி வந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். 2025 பிப்ரவரியில் இதற்கான திருத்தம் வெளியானது. அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் காட்டலாம். வீட்டில் பிறப்புச் சான்றே இல்லாத பெரியவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். ஆனால் இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு, பெயரையும் சேர்த்துச் சான்றிதழ் வாங்கிவைப்பது பெற்றோரின் கடமை.

மையத்துக்குப் போகும்போது அசல் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுக்கப்படும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கொண்டுபோக வேண்டும்.

சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: தலையை மறைத்தபடி படம் எடுக்கலாமா? எடுக்கலாம். மார்க்கக் காரணத்துக்காகத் தலையை மறைப்பதற்கு அனுமதி உண்டு. ஆனால் நெற்றியின் மேற்பகுதியிலிருந்து தாடை வரையும், முகத்தின் இரு ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளை முக்காடு வேண்டாம்.

பெயரில்தான் பாதிப் பிரச்சினை

தமிழ் முஸ்லிம்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரித்து எழுத வேண்டும். நாமும் முதல் முறை விண்ணப்பித்தபோது இது தெரியாமல், பள்ளிச் சான்றிதழில் இருந்தபடியே எழுதிக்கொண்டு போய், திரும்பி வந்து திருத்தினோம்.

சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தாலும், அதற்குள் பலர் தவித்துவிட்டார்கள். எனவே தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவதே நல்லது.

முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ‘பாத்திமா பீவி’, பள்ளிச் சான்றில் ‘பாத்திமா’, வாக்காளர் அட்டையில் ‘பாத்துமா’ என்று இருந்தால் அதிகாரி எதை நம்புவார்? வீட்டில் எல்லோருடைய ஆவணங்களையும் ஒரு நாள் பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு பெயரை மாற்றுவது நாளிதழ் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு என்று நீண்ட அலைச்சல்.

திருமணத்தால் பெண்கள் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. 2016 டிசம்பர் மாற்றங்களுக்குப் பிறகு திருமணச் சான்றிதழும் கட்டாயம் இல்லை. ஆனால் கணவரோடு வெளிநாட்டில் தங்கும் குடும்ப விசாவுக்கு அது வேண்டும். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டோடு நிறுத்திவிடாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்சர் டி’ உறுதிமொழி வேண்டும். தகப்பனார் சவூதியிலோ துபாயிலோ இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழியை அத்தாட்சி செய்து அனுப்பச் சொல்லுங்கள். இது வந்து சேர நாளாகும் என்பதால், மையத்தில் நாள் வாங்கும் முன்பே தொடங்குங்கள். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் விண்ணப்பிக்க வேண்டிய நிலை என்றால் அதற்கு ‘அனெக்சர் சி’ இருக்கிறது.

மதரஸா மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்ற வகையில் வரும். சவூதி, அமீரகம், கத்தார், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் தனி அனுமதி பெற வேண்டும். உம்ராவுக்கோ சுற்றுலாவுக்கோ போவதற்கு இது தடையில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எட்டாம் வகுப்போடு ஓதப் போன பிள்ளைகள் ஏழாண்டு படித்து ஆலிம் ஆகிறார்கள். ஆனால் நம் அரபிக் கல்லூரியின் ஸனது பத்தாம் வகுப்புச் சான்றுக்கு ஈடாகாது. நாம் மதரஸாவில் ஓதியவர்கள், பிறகு கல்லூரியிலும் படித்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: தனித்தேர்வராகவோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பத்தாம் வகுப்பை முடிக்க வையுங்கள். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை இமாமாக வெளிநாடு போக நேர்ந்தால், அந்த ஒரு தாள் அவருக்குக் கைகொடுக்கும்.

காவல்துறை விசாரணை

விசாரணைக்கு வருபவரிடம் அசல் ஆவணங்களைக் காட்டிக் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. வீடு பூட்டியிருந்தால் அறிக்கை பாதகமாகப் போகும். அந்த நாட்களில் கைப்பேசியை அணைத்து வைக்காதீர்கள்.

மீது வழக்கு இருந்தால் மறைக்க வேண்டாம். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பொய்த் தகவல் தருவதற்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் எடுக்க 1993ஆம் ஆண்டு அறிவிக்கை வழி தருகிறது. உண்மையைச் சொன்னவருக்கு வழி இருக்கிறது; மறைத்தவருக்குப் புதிதாக ஒரு வழக்கு சேர்கிறது.

எப்போது புதுப்பிப்பது?

காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். பெரும்பாலான நாடுகள் ஆறு மாதச் செல்லுபடியைக் கேட்கின்றன. ஆகவே பத்தாண்டுப் பாஸ்போர்ட்டை ஒன்பதாண்டு என்றே மனதில் கணக்கு வையுங்கள். ஹஜ் விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

சென்னை மண்டலத்தில் 2025 மார்ச் முதல் சில்லு பதித்த மின்னணுப் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. அதற்காகப் பழையதை மாற்ற வேண்டியதில்லை, அது தன் தேதி வரை செல்லும். புதிய பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வரும். சந்தேகம் இருந்தால் 1800 258 1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட் அரசின் சொத்து. நம்மிடம் இருப்பது அமானிதம். வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் முன்பின் தெரியாத ஏஜெண்டிடம் அதைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க நம்மிடம் வந்து அழுதவர்கள் உண்டு. நகலைக் கொடுங்கள், அசலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணங்கள் இலேசாகட்டும்.