நாலு பேருக்கு இடமிருந்த வட்டு

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டபோது அதற்குள் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தது. கூடவே வந்த டாஸ் 2.0, அந்த வட்டின் முதல் செக்டாரில், அதாவது முதல் 512 பைட்டில், ஒரு சின்ன அட்டவணையை எழுதிவைத்தது. 64 பைட், நான்கு வரி, அவ்வளவுதான். ஒரே வட்டில் நான்கு இயங்குதளங்கள் வரை தனித்தனிப் பாகங்களில் குடியிருக்கலாம் என்று செய்த ஏற்பாடு அது. 10 எம்.பி.யில் நான்கு! மதுரையில் ஓ.எஸ். போட்டுக்கொடுத்தே குடும்பம் நடத்தும் எனக்கு அந்த நான்கு வரி மேல் பெரிய மரியாதை உண்டு. கணினியை வாங்கியவர் தனக்கு வேண்டியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெட்டி பிறவியிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறது.

அட்டவணைக்கு முன்னால் இருக்கும் 446 பைட்டில்தான் சண்டை. கணினியை ஆன் செய்ததும் வட்டிலிருந்து முதலில் ஓடும் நிரல் அங்கே இருக்கிறது. இடம் ஒன்றே ஒன்று. விண்டோஸ் நிறுவப்படும்போது அங்கே இருப்பதைக் கேட்காமல் அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதும். அந்த நிரலுக்கு லினக்ஸை எழுப்பத் தெரியாது. லினக்ஸ் பக்கத்தில் 1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோவும், 1995இல் எரிக் போலின் தொடங்கிய க்ரப்பும், எது வேண்டும் என்று நம்மைக் கேட்டன. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்று எங்கள் தொழிலில் வரிசை ஏற்பட்டது இதனால்தான்.

லினக்ஸ் வளர்ந்ததே பாகம் பிரித்த வட்டில். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருந்தார். அதன் துணையோடுதான் லினக்ஸை எழுதிக்கொண்டிருந்தார். மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளை ஒருநாள் தவறி வட்டுக்கே போய்விட, மினிக்ஸ் இருந்த பாகம் பாழானது. மினிக்ஸை மறுபடி போட்டிருக்கலாம். அவர் போடவில்லை, அன்றிலிருந்து லினக்ஸிலேயே முழுதாக இறங்கிவிட்டார். ஓ.எஸ். போடும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை இது.

இந்திய வீடுகளுக்கு லினக்ஸ் பெரும்பாலும் தபாலிலும் பத்திரிகையோடும் வந்தது. 1996இல் பிசி குவெஸ்ட் இதழ் அதைக் குறுவட்டில் தந்தது. பிறகு உபுண்டு, 2011 வரை, கேட்டவர் முகவரிக்கெல்லாம் இலவசமாகக் குறுவட்டு அனுப்பியது.

விண்டோஸ் எக்ஸ்.பி. காலம்தான் எங்கள் தொழிலின் பொற்காலம். அசெம்பிள் செய்த கணினி, 80 ஜி.பி. வட்டு, அதில் சி, டி, இ, எஃப் என்று நான்கு டிரைவ். "அண்ணே, வைரஸ் ஏறிருச்சு, ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்று கேபினெட்டை மட்டும் பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுவருவார்கள். முதலில் படங்களையும் கல்யாண வீடியோவையும் 'டி'க்கு நகர்த்த வேண்டும். பிறகு எக்ஸ்.பி. குறுவட்டைப் போட்டால் நீலத் திரையில் பாகங்களின் பட்டியல் வரும். லினக்ஸ் இருக்கும் பாகத்துக்கு நேரே 'தெரியாதது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல் நிற்கும். எத்தனையோ லினக்ஸ் செத்தது அந்த வரியில்தான். தெரியாதது என்றால் வேண்டாதது என்று நினைத்து 'டி' எழுத்தைத் தட்டுவார்கள்; உறுதிதானா என்று கேட்கும்; 'எல்' தட்டுவார்கள்; போயிற்று.

தப்பிய கணினிகளில் எக்ஸ்.பி. ஏறி முடிந்த பிறகு அடுத்த வேலை. க்ரப் இருந்த இடம் அழிந்திருக்கும், லினக்ஸ் அப்படியே இருக்கும். லைவ் சிடியில் பூட் செய்து, டெர்மினலில் க்ரப்பைத் திறந்து, லினக்ஸ் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 'எஃப்' இருந்த இடத்தை லினக்ஸுக்குக் கொடுத்திருந்தால் லினக்ஸ் அதை ஏழாம் பாகம் என்று அழைக்கும். பழைய க்ரப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அதற்கு அது ஆறு. முதல் நான்கு எண்கள் அந்த 1983ஆம் வருஷத்து நான்கு வரிகளுக்கு என்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டவை. 'டி'யும் 'இ'யும் 'எஃப்'பும் ஐந்திலிருந்து தொடங்குவது அதனால்தான். எண்ணைச் சரியாகக் கொடுத்து, செட்டப் என்று ஒரு வரி அடித்தால் மெனு திரும்பி வந்துவிடும். இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த நாட்களின் மின்வெட்டில், யு.பி.எஸ். கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டு நிமிஷமும் நெஞ்சு படபடக்கும்.

கடிகாரமும் குழம்பும். போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் காலை பத்து மணி நாலரை என்று தெரியும். அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்து சீமாஸ் பேட்டரி செத்துவிட்டது என்று மாற்றியவர்கள் உண்டு. இன்னொன்று, எக்ஸ்.பி.யை மறுபடி போட்டால் யுனிகோட் தமிழ் உடைந்து தெரியும். கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு டிக் போட வேண்டும். அது திரும்பவும் குறுவட்டைக் கேட்கும். அந்த டிக் போடாமல் நான் எந்தப் பெட்டியையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. டெபியனை அடிப்படையாகக் கொண்டது பாஸ். தமிழிலேயே மெனு காட்டும். லட்சக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் கையில் இரட்டை பூட் கணினி, அதுவும் அரசு செலவில்! என் வேலைக்காலத்தில் இதைவிடப் பெரிய விஷயத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதை என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. முதல் தடவை வைரஸ் ஏறி ஃபார்மட் அடிக்கும்போதே பாஸ் போய்விடும். அந்த இடம் பாட்டுக்கும் படத்துக்கும் சேர்ந்துவிடும். என் மேசைக்கு வந்தவற்றில் பாஸை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் மாற்றினேன். "அது எதுக்குண்ணே?" என்று கேட்ட பையனை உட்காரவைத்து அதில் பைத்தான் ஓட்டிக்காட்டினேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது: ஊரெல்லாம் கையில் இருந்தது, யாரும் தொடாமலே அழிந்தது.

இப்போது 446 பைட்டுக்கான அந்தச் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. யு.இ.எஃப்.ஐ. முறையில் பூட் ஆகும் புதுக் கணினிகளில் நான்கு வரிக்குப் பதில் 128 வரி. பூட் நிரல்களுக்கென்று தனிப் பாகம், அதில் ஆளுக்கொரு ஃபோல்டர். விண்டோஸை மறுபடி போட்டாலும் க்ரப் அழியாது, பூட் வரிசைதான் மாறும். பயாஸில் போய் முன்னால் கொண்டுவந்தால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு பல இரட்டை பூட் கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் தடுத்தது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் புதுப்பிப்பு வைத்த கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்ய வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. 11ஐ ஏற்காத கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் சிலர், "விண்டோஸ் இருக்கட்டும்ணே, பக்கத்துல லினக்ஸும் போட்டுக்குடுங்க" என்கிறார்கள். 60 ஜி.பி. ஒதுக்கிப் போட்டுக்கொடுக்கிறேன்.