நித்திரையின் ஸ்தானம்

மகாயுத்தம் ஐரோப்பாவை வாட்டிக்கொண்டிருந்த 1916-17 குளிர்காலத்தில், வியன்னா நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு எந்த வியாதியின் பெயருக்கும் அடங்காத நோயாளிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களிற் பலர் உண்ணும்போதும் நிற்கும்போதுமே கண்ணயர்ந்தார்கள். தட்டி எழுப்பினால் விழித்து, கேட்டதற்குத் தெளிவாக விடை கூறி, தனியே விட்ட மறுகணம் மீண்டும் நித்திரையில் ஆழ்ந்தார்கள். அங்கே பணியாற்றிய கான்ஸ்டன்டின் வான் எகொனோமோ என்னும் வைத்தியர், கிரேக்க வம்சத்தில் உதித்து திரியெஸ்தே துறைமுகத்தில் வளர்ந்தவர், ஆகாய விமானம் செலுத்துவதில் தேர்ந்தவர். அவர் 1917-இல் இந்நோயை உலகுக்கு அறிவித்து, உறக்க மூளையழற்சி என்று அதற்குப் பெயருமிட்டார்.

பெயரிட்டதோடு நின்றிருந்தால் அவருடைய கீர்த்தி வைத்திய அகராதியில் ஒரு வரியோடு முடிந்திருக்கும். உறங்கியவர்களின் நடுவே, இரவும் பகலும் கண்மூட இயலாமல் துடித்து மாண்ட சிலரும் இருந்தார்கள். பெரும்பான்மையோரின் லக்ஷணத்துக்கு மாறானவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடாமல், அவர்களுடைய மூளைகளையும் அதே சிரத்தையோடு அவர் அறுத்துப் பார்த்தாரே, அதுதான் என் மனத்தில் அவரை உயர்த்தி நிறுத்துகிறது. ஓயாமல் உறங்கியவர்களுக்கு, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பாகத்தின் பின்பகுதியும் அதை ஒட்டிய நடுமூளையும், உறக்கம் இழந்தவர்களுக்கு முன்பகுதியும் சிதைந்திருந்தன. நித்திரை என்பது மூளையின் வெறும் ஓய்வு, களைப்பினால் நேரும் மயக்கம் என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்த காலத்தில், முன்பகுதியில் உறக்கத்தை விளைவிக்கும் ஸ்தானமொன்று இருந்தே தீரவேண்டும் என்று அவர் துணிந்து அனுமானித்தார். அதை 1930-இல் விரிவாக வெளியிட்டு, மறுவருஷமே காலமானார்.

நுண்ணோக்கியும் கூர்ந்த கண்ணும் கொண்டு அவர் செய்த அனுமானத்தை, வால்லே நௌட்டா என்னும் டச்சு அறிஞர் 1946-இல் எலிகளைக் கொண்டு உறுதிப்படுத்தினார். ஆயினும் அந்த உறக்க அணுக்கள் இவைதாம் என்று சுட்டிக் காட்டப்படுவதற்கு மேலும் 50 வருஷம் சென்றது. 1996-இல் ஹார்வர்டில் கிளிஃபர்ட் சேப்பரின் குழுவினர், உறக்கத்தின்போது விசேஷமாகக் கிளர்ச்சியுறும் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்றை ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் கண்டார்கள். அது காபா என்னும் ரசாயனத்தால், பின்பகுதியில் ஹிஸ்டமின் சுரக்கும் அணுக்கள் முதலாக விழிப்பைத் தாங்குவனவற்றையெல்லாம் அடக்குகிறது. விழித்திருக்கும் வேளையிலோ விழிப்பணுக்கள் அதனை அடக்கிவிடுகின்றன. ஒன்றையொன்று அடக்கும் இவ்விரு சக்திகளால்தான், ஆரோக்கியமான மனிதன் அரைத்தூக்கத்தில் நெடுநேரம் தத்தளிக்காமல், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறுகிறான்.

விழிப்பின் பக்கத்தை நிலைநிறுத்தும் ஒரெக்ஸின் என்னும் பொருளை 1998-இல் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பட்டப்பகலில் திடீரென்று உறக்கத்தில் விழும் நார்கோலெப்ஸி நோயாளிகளின் ஹைப்போதலாமஸில் அதைச் சுரக்கும் அணுக்கள் பெரும்பாலும் அழிந்திருப்பது 2000-இல் தெரியவந்தது. அந்த ஒரெக்ஸினின் கட்டளையை மட்டும் தடுத்து உறக்கம் வருவிக்கும் சுவோரெக்ஸன்ட் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2014-இல் அநுமதி அளித்தது. மூளை முழுவதையும் மந்தமாக்கித் தூங்கவைத்த பழைய மருந்துகளிலிருந்து அது பிரிந்து செல்லும் வழி, எகொனோமோ உறங்கியவர்களையும் உறங்காதவர்களையும் அருகருகே வைத்து நோக்கிய அன்றே தொடங்கிவிட்டது.