நூமேயாவின் நானூறு பேர்

எங்கள் வீதியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்து, கடைசிச் சில வருடங்களை நூமேயாவில் கழித்தவர். பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். 1985-ல் விடுமுறையில் வந்தபோது மனைவிக்கு ஒரு பூப்போட்ட அங்கி கொண்டுவந்தார். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை தொளதொளவென்று, கழுத்தில் லேஸ் வைத்தது. நம் ஊரில் அப்போதுதான் நைட்டி பரவிக்கொண்டிருந்த காலம். அந்த அம்மாள் அதையும் நைட்டி என்று நினைத்து இரவில் போட்டுக்கொண்டார். சொல்தா தலையில் அடித்துக்கொண்டார். "அங்க இதப் போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்கும் கூட்டத்துக்கும் போவாங்க. இதப் போட்டுக்கிட்டு கிரிக்கெட்டே ஆடுவாங்க!"

நாங்கள் சிரித்தோம். பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் நாற்பது வருடமாக மனதில் நிற்கிறது. "தம்பி, நீ ஆபீஸ்காரன், உனக்குப் புரியும். அந்த ஊர் ஆபீஸ்ல கௌண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிற கனாக்கைத்தான் பார்த்திருக்கேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற கனாக்கைப் பார்த்த ஞாபகமே இல்ல."

நூவெல் கலெதோனி என்று நாங்கள் பள்ளியில் படித்த தீவு அது. ஆங்கிலத்தில் நியூ கலிடோனியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கிறது. தலைநகரம் நூமேயா. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் கனாக் மக்கள். 1853-ல் பிரான்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது. நிலம் போயிற்று, கனாக்குகள் ஒதுக்கப்பட்ட இடங்களில் அடைக்கப்பட்டார்கள். ரெயூனியன் தீவிலிருந்து போன கரும்பு முதலாளிகள் தங்களுடன் "மலபார்" கூலிகளையும் கொண்டுபோனார்கள். ரெயூனியனுக்குக் கப்பல் ஏறிய அந்த மக்களில் எத்தனையோ பேர் நம் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து போனவர்கள். ஆகவே அந்த மண்ணில் நம்மவர் வியர்வையும் கொஞ்சம் சிந்தியிருக்கிறது.

நம் முன்னோர்கள் கோல் இனத்தார் என்று பாடம் படித்த பிள்ளைகள் நாங்கள். அதே பாடத்தைத்தான் கனாக் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே தாத்தா காலத்திலேயே பக்கலோரெயா முடித்து வக்கீலாகவும் நீதிபதியாகவும் ஆனவர்கள் இருந்தார்கள். அங்கே கனாக்குகளை அடக்கிவைத்த "அந்திழெனா" சட்டம் 1946-ல்தான் நீங்கியது. முதல் கனாக் பக்கலோரெயா தேறியது 1962-ல். ஆம், நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே 1962. பிரான்ஸ் அங்கே கால் வைத்து நூற்றொன்பது வருடம் கழித்து ஒரே ஒரு பையன். இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் அங்கே தலைமைக்கு ஆள் தயாரிக்கும் வேலையை முதலில் தொடங்கியது அரசாங்கம் அல்ல, பெண்கள்தான். 1971-ல் ஸ்கொலாஸ்திக் பிஜோ என்ற கனாக் பெண்மணி "புன்னகைக்கும் மெலனேசிய கிராமம்" என்று ஒரு மாதர் இயக்கத்தை ஆரம்பித்தார். பெயரைக் கேட்டால் கோலப் போட்டி நடத்தும் மாதர் சங்கம் போலிருக்கும். வீட்டுச் சுத்தம், பிள்ளை படிப்பு, ஆண்களின் குடி என்றுதான் பேச்சு தொடங்கியது. ஆனால் மூத்தவள் இளையவளைக் கூட்டத்துக்கு அழைத்து வருகிறாள், எழுந்து பேச வைக்கிறாள் என்றால் அங்கே தலைமைப் பயிற்சி நடக்கிறது என்றுதான் அர்த்தம். இந்த மாதர் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்தவர்தான் பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டு வந்த ழான் மரி ஜிபாவு. 1975-ல் நூமேயாவில் அவர் நடத்திய "மெலனேசியா 2000" என்ற மாபெரும் விழா இந்தப் பெண்களின் யோசனையிலிருந்து முளைத்தது. கனாக் மக்கள் தங்கள் ஆட்டத்தையும் பேச்சையும் வெள்ளைக்காரர் நகரத்தின் நடுவில் வைத்துக் காட்டியது அதுவே முதல் தடவை. ஜிபாவு பிற்பாடு சுதந்திர இயக்கத்தின் தலைவரானார்.

அடுத்து வந்த வருடங்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், எழுதவே கை கூசுகிறது. 1984 டிசம்பரில் யெங்கேன் பக்கத்தில் பதுங்கித் தாக்கியதில் பத்து கனாக்குகள் செத்தார்கள். அதில் இருவர் ஜிபாவுவின் உடன்பிறந்தவர்கள். 1988-ல் உவேயா தீவில் ழாந்தார்ம்கள் நால்வர் கொல்லப்பட்டார்கள், மற்றவர்களைக் குகையில் பிணையாக வைத்தார்கள். ராணுவம் புகுந்ததில் பத்தொன்பது கனாக்குகளும் இரண்டு ராணுவத்தினரும் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1988 ஜூன் 26-ஆம் தேதி, பாரீசில் மதிஞோன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் கண்ணில் படக்கூடிய விஷயம் ஒன்று இருந்தது. தீவை மூன்று மாகாணமாகப் பிரித்தார்கள். வடக்கு மாகாணமும் தீவுகள் மாகாணமும் கனாக்குகள் கையில் வரும். சரி, ஆட்சி வந்தது. கோப்பை யார் எழுதுவது? பட்ஜெட்டை யார் போடுவது? ரோடு காண்டிராக்டை யார் பரிசீலிப்பது? மந்திரி நாற்காலியை ஒரே நாளில் கொடுத்துவிடலாம், ஆனால் கீழே ஃபைல் பார்க்க ஆள் இல்லையென்றால் பழைய ஆட்களே பழையபடி ஆள்வார்கள். இதை உணர்ந்துதான் "400 காத்ர்" என்ற திட்டம் வந்தது. காத்ர் என்றால் பொறுப்பான பதவியில் இருக்கும் அதிகாரி. பத்து வருடத்தில் நானூறு பேரை, முக்கியமாகக் கனாக்குகளை, பிரான்சுக்கு அனுப்பிப் படிக்கவைத்துத் திரும்ப அழைப்பது என்று ஏற்பாடு.

வெறும் ஸ்காலர்ஷிப்பாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் திட்டத்தின் உயிர் "அக்கொம்பாஞ்மான்" என்பதில் இருந்தது. கூடவே துணைக்குப் போவது. பதினாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி, குளிர்காலத்தில், கிராமத்திலிருந்து வந்து இறங்குகிறவனுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பதிலிருந்து, தேர்வில் தோற்றவனோடு உட்கார்ந்து பேசி வேறு வழி காட்டுவது வரை ஆள் வைத்திருந்தார்கள். பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள் மட்டுமல்ல, ஏற்கெனவே வேலையில் இருந்து மேலே படிக்கப் போனவர்களும் இருந்தார்கள். இப்படிப் போனவர்களில் டாக்டர், பொறியாளர், ஆசிரியர், நிர்வாக அதிகாரி என்று பலரும் உருவானார்கள். 1998-ல் நூமேயா ஒப்பந்தம் வந்தபோது இத்திட்டம் "காத்ர் அவெனீர்" என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது.

துணை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். 1973-ல் நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது எனக்குப் பிரெஞ்சு தெரியும், வீட்டுத் தமிழ் தெரியும். ஆபீஸ் நடந்ததோ ஆங்கிலத்தில். முதல் வாரம் நான் போட்ட நோட்டை மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துச் சிரித்தார். "பிரெஞ்சுக்கார துரை எழுதியிருக்கார் பாருங்க" என்றார். வேலையை விட்டுவிட்டு நானும் ராணுவத்தில் சேர்ந்துவிடலாமா என்று அன்று இரவு யோசித்தேன். எங்கள் பிரிவில் ஒரு வயதான ஹெட் கிளார்க் இருந்தார். மறுநாள் மாலை ஐந்தரைக்கு, "தம்பி, நீ போகாதே, உட்கார்" என்றார். பழைய ஃபைல் ஒன்றை எடுத்து, வரி வரியாகக் காட்டினார். இப்படி ஆறு மாதம். என் டிராஃப்டை அவர் பென்சிலால்தான் திருத்துவார். நான் மையில் எழுதி முடித்ததும் அந்தப் பென்சில் அடையாளத்தை அவரே ரப்பரால் அழித்துவிடுவார். தான் திருத்தியது மேலே தெரியக்கூடாதாம். அவர் இல்லாவிட்டால் முப்பத்தைந்து வருடம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே நானூறு பேரைப் பற்றிப் படிக்கும்போது, அவர்களுக்குப் பென்சிலால் திருத்தியவர்கள் யார் என்றே மனம் தேடுகிறது.

இனி தெவே கொரொதே என்ற அம்மையாருக்கு வருகிறேன். 1949-ல் பிறந்தவர். திட்டங்கள் வருவதற்கு வெகு முன்பே பிரான்சில் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவர். ஊர் திரும்பியதும் சுதந்திரம் கேட்டுச் சிறை போனார். கவிதை எழுதினார். கனாக் மக்களில் முதல் நாவல் எழுதியவரும் அவரே. அந்த நாவல் வெள்ளைக்காரனைப் பற்றியது அல்ல, கனாக் குடும்பத்துக்குள்ளேயே பெண்ணுக்கு நடக்கும் கொடுமையைப் பற்றியது. சொந்த ஜனங்கள் மெச்ச மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதினார். எனக்கு அவரிடம் மரியாதை வந்தது அந்த ஒரு காரியத்தால்தான்.

2000-ஆம் ஆண்டில் பிரான்சில் பாரிதே சட்டம் வந்தது. தேர்தல் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். நூவெல் கலெதோனியின் அரசியல் ஆண்கள் பலருக்கு இது கசந்தது. எங்கள் வழக்கம் வேறு, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். "பெண்கள் இன்னும் தயாராகவில்லை" என்ற பாட்டு எல்லா ஊரிலும் ஒரே ராகம்தான். அங்கே பெண்கள் விடவில்லை. 2001-ல் கொரொதே அரசாங்கத்தின் துணைத் தலைவரானார். 2004 தேர்தலில் சட்டம் அமலானபோது, ஐம்பத்து நான்கு பேர் கொண்ட சபையில் பெண்கள் ஏறக்குறையப் பாதியாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த வருடம் அரசாங்கத் தலைவராக மரி நோயெல் தெமெரோ என்ற ஐரோப்பிய வம்சாவளிப் பெண்மணி வந்தார். துணைத் தலைவர் கொரொதே. அரசின் முதல் இரண்டு நாற்காலியிலும் பெண்கள்.

ஜிபாவு இதையெல்லாம் பார்க்கவில்லை. 1989 மே 4-ஆம் தேதி, உவேயாவில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப் போன இடத்தில், ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு கனாக் அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் மனைவி மரி குளோத், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கனாக் பண்பாட்டு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். கணவர் பெயரால் நூமேயாவில் 1998-ல் திறந்த பண்பாட்டு மையம் அந்த நிறுவனத்தின் வேலைதான். அவர் மகன் எம்மானுயெல் 2024-ல் பாரீஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

ஆனால் அதே 2024 மே மாதத்தில் நூமேயா பற்றி எரிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வாக்காளர் பட்டியல் சண்டைதான் உடனடிக் காரணம். தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது: தெருவில் நின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நானூறில் சேரக்கூடியவர்களாகத் தெரியவில்லை. திட்டம் பக்கலோரெயா தாண்டியவனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது. பள்ளியைப் பாதியில் விட்டு நகரத்து ஓரத்தில் நிற்பவன் பக்கத்தில் மாலை ஐந்தரைக்கு யாரும் உட்காரவில்லை. திட்டம் தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். வடக்கு மாகாணத்தில் இன்று கோப்பு எழுதுகிற கனாக்குகள் இருக்கிறார்கள். ஆனால் நானூறு என்பது ரொம்பச் சின்ன எண்.

சொல்தாவும் அவர் மனைவியும் இப்போது இல்லை. போன மாதம் அவர்கள் மகள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். டிரங்குப் பெட்டியில் அந்தப் பூப்போட்ட அங்கி இருந்தது. நிறம் மங்கியிருந்தது, லேஸ் மட்டும் கெட்டியாக இருந்தது. "அம்மாவோட பழைய நைட்டி, மாமா. தூக்கிப் போட்டுடவா?" என்றாள். நான் கைப்பேசியை எடுத்து, நூமேயா பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கியை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.